சீட்டு ஒட்டாத புட்டியும் தீர்த்தகிரியாரும்

சேர்வராயன் கலாசாலையின் விலங்கியல் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, தாரண ஆண்டுப் பங்குனித் திங்களில் ஓய்வு பெறும் திருவாளர் தீர்த்தகிரியார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து வாசித்து அளிக்கும் மடல்

கெங்கவல்லி ஈன்ற கல்விக் களஞ்சியமே! கிணறுதோறும் குனிந்து பார்த்தும் எவர் முன்னும் குனியாத கொள்கைக் குன்றே! பாம்பும் பல்லியும் பக்குவமாய்ப் புட்டியில் அமரப் பழக்கிய பண்பாளரே! இருட்டில் வாழும் சிற்றுயிர்களின் இயல்பறிய வெயிலில் வாடிய விஞ்ஞானச் செல்வரே! வணக்கம்.

இன்னும் ஒரு பக்கத்துக்கு இப்படியே விளித்து எழுதியிருந்தோம். யுத்தத்தால் காகிதம் கிடைக்காத இந்தக் காலத்தில் ஒருவரைக் கூப்பிடுவதற்கே ஒரு தாளைச் செலவழிப்பதா என்று முதல்வர் கேட்டார். கேட்டது நியாயந்தான். ஆகவே தமிழ்ப் பண்டிதர் தண்டாயுதபாணி மனம் நொந்து தம் அடைமொழிகளைத் தம் கையாலேயே வெட்டினார். வெட்டுக்குத் தப்பியவை மேலே உள்ளவை. மிச்சமுள்ள இடத்தில் நடந்ததைச் சொல்லப் போகிறோம்.

அதையும் தங்கள் முகத்தைப் பார்த்து, தாங்கள் அது செய்தீர்கள், இது சொன்னீர்கள் என்று வாசிக்க எங்களுக்குத் துணிவில்லை. மாணவன் தவளையின் வயிற்றைக் கொஞ்சம் கோணலாக அறுத்தாலே எழுந்து வந்து திருத்துகிறவர் தாங்கள். தங்கள் வாழ்க்கையை நாங்கள் கோணலாகச் சொன்னால் சும்மா இருப்பீர்களா? ஆகையால் இனி வரும் பகுதியில் தீர்த்தகிரியார் என்பவர் ஒரு மூன்றாம் மனிதர். தாங்கள் அவரை அறியாதவர்போல் மாலையோடு நாற்காலியில் அமர்ந்து கேட்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

தீர்த்தகிரியார் சென்னையில் படிப்பை முடித்துவிட்டு, நம் கலாசாலையில் விலங்கியல் வகுப்பு தொடங்கிய நாளிலேயே டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தார். அந்தச் சொல்லுக்கு எதுகை கிடைக்காமல் பண்டிதர் பட்ட பாடு தனி. லெக்சரர் பாடத்தை வாயால் சொல்லுவார், டெமான்ஸ்ட்ரேட்டர் அதை அறுத்துக் காட்டுவார். வேலையில் வேறுபாடு அவ்வளவுதான், சம்பளத்திலும் நாற்காலியிலும் மட்டும் அது பெரிய வேறுபாடு. சேர்ந்த நாளில் அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாரோ அதே நாற்காலியிலிருந்துதான் இன்று எழுந்திருக்கிறார். ஏன் என்பதுதான் இந்த மடலின் விஷயம்.

அவருடைய ஆசை நிலத்துக்குக் கீழே இருந்தது. பாறை வெடிப்புகளில் தேங்கியும் ஓடியும் கிடக்கும் தண்ணீரில் உயிர்கள் உண்டு, வெயிலே படாத அந்த இருட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால் அவை நிறம் வெளுத்து, கண் மறைந்து, தடவிப் பார்க்கும் மீசை மட்டும் நீண்டு போயிருக்கும் என்று மேல்நாட்டுச் சஞ்சிகைகளில் அவர் படித்திருந்தார். அங்கெல்லாம் விளக்கோடு குகைக்குள் இறங்கிப் பிடிக்கிறார்களாம். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட குகைக்கு எங்கே போவது? ஆனால் கிணறு இருக்கிறது. பாறையை உடைத்துக் கிணறு வெட்டாத தோட்டம் சேலம் ஜில்லாவில் ஏது? ஒவ்வொரு கிணறும் அந்த இருட்டுக்குள் நாமே திறந்து வைத்த ஜன்னல் என்று அவர் நினைத்தார். நினைத்தது சரிதான். தேடப் போன விதத்தில்தான் தப்பு நேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோட்டும் தலைப்பாகையுமாகச் சைக்கிளில் கிளம்புவார். நாமக்கல், இராசிபுரம் பக்கத்து ஊர்களில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார். அந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கிணற்றைத்தான் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வற்றுமா, உப்புக் கரிக்குமா, மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் இறைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்த பிறகுதான் பேச்சையே எடுப்பார்கள். அவருடைய ஊரான கெங்கவல்லியில் அப்படி இல்லையாம், அவர் சொல்லுவார். நல்ல நாளும் கிழமையுமாக ஒரு பெரிய மனிதர் கோட்டுப் போட்டு வந்து கிணற்றைக் குனிந்து பார்த்தால் தோட்டத்துக்காரர் என்ன நினைப்பார்? பாய் விரிப்பார்கள், மோர் வரும், பெரியவர்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருவார்கள். பையன் என்ன பண்ணுகிறான் என்று விசாரிப்பார்கள். நம்மவர் மோரைக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, உங்கள் கிணற்றில் பூச்சி உண்டா என்று கேட்பார்.

பிறகு என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூச்சிக் கிணறு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அந்த வீட்டுக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பெண்ணை எவனும் எடுக்கவும் மாட்டான். ஒரு ஊரில் நாயை அவிழ்த்து விட்டார்கள். இன்னொரு ஊரில் காளையை அவிழ்த்து விட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு, அவர் அதை மறுக்கிறார். இப்படி நாலைந்து ஊரில் அவமானப்பட்ட பிறகு அவர் ஒரு பாடம் கற்றார். கிணறு வைத்திருப்பவரிடம் எதையும் கேட்கக் கூடாது, தாகத்துக்குத் தண்ணீர் வாங்கிக் குடிப்பதுபோல் சொம்புக்குள் பார்த்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது அந்தப் பாடம். அதை அவர் அளவுக்கு மீறி நன்றாகக் கற்றுவிட்டார் என்பது பிற்பாடு தெரிந்தது.

சுக்கில ஆண்டுக் கோடை. நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் ஒரு ஊர். பெயர் சொல்லமாட்டோம். அங்கே பாப்பாயி என்னும் அம்மாள், கணவர் காலமான பிறகு இரண்டு பெண்களையும் ஒரு பையனையும் வைத்துக்கொண்டு தோட்டத்தைத் தாமே பார்த்து வந்தார். அந்தக் கோடையில் கிணறு அடிப்பாறையைக் காட்டிவிட்டது. ஆள் வைத்து, பாறையில் வெடி வைத்து ஆழப்படுத்தினார். வெடி வைத்த இடத்தில் ஊற்றுக்கண் திறந்து, கை பருமனுக்குத் தண்ணீர் பீறிட்டு வந்தது. தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, முதல் தண்ணீரை அங்கிருந்தவர்களுக்கெல்லாம் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் தீர்த்தகிரியாரின் சைக்கிள் அந்த வழியாக வந்தது. வழியில் போகிறவருக்கும் ஒரு சொம்பு நீட்டினார்கள்.

சொம்புக்குள் ஒன்று நீந்தியது. நெல்மணி நீளம் இருக்கும். ஆற்றில் பிடிக்கும் கூனி இறாலைப் போல வளைந்த உடம்பு, ஆனால் உள்ளே ஓடும் குடல் வெளியே தெரியும் அளவுக்கு வெள்ளை. உடம்பைவிட மீசை நீளம். கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை, இருந்த தடமும் இல்லை. வருஷக் கணக்காகச் சைக்கிள் மிதித்துத் தேடியது, குடிக்கக் கொடுத்த சொம்பில் தானாக வந்து நின்றது. தீர்த்தகிரியார் தண்ணீரைக் குடிக்கவில்லை. சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாப்பாயி அம்மாள் அதைக் கவனித்துவிட்டார். மற்றவர்கள் பார்க்கும் முன் அவரைப் புளியமரத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய், தண்ணீரில் என்ன என்று மெதுவாகக் கேட்டார். நம்மவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் தெரிந்தவர். இது பூமிக்கடியில் வாழும் உயிர், உலகத்தில் யாரும் இதுவரை பார்த்திராதது, அழுக்கும் சாக்கடையும் சேர்ந்த தண்ணீரில் இது பிழைக்காது, இது வந்திருப்பது உங்கள் ஊற்றுக்குக் கிடைத்த நற்சாட்சி என்று மூச்சு விடாமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மாள் சொன்னார்:

“நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. சம்மந்தி ஊட்டுக்குப் புரியோணுமே.”

மூத்த மகள் சௌந்திரத்தைப் பார்க்க அடுத்த வாரம் மேச்சேரியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. ஆட்டுப்பட்டியும் காடுமாக வசதியான இடம். பூச்சி என்ற பேச்சு அவர்கள் காதில் விழுந்தால் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். மகளுடைய வாழ்வு அந்தச் சொம்பில் நீந்திக்கொண்டிருப்பதாக அந்த அம்மாளுக்குப் பட்டது. அது தவறும் இல்லை.

“என்ற மக கழுத்துல தாலி ஏறட்டுங்க. அது வரைக்கும் ஊரு பேரோ தோட்டத்துப் பேரோ உங்க வாயில வரப்படாது.”

வராது என்றார் தீர்த்தகிரியார். கோட்டுப் பையிலிருந்த சிறு புட்டியில் அந்தக் கூனியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மீதித் தண்ணீரை, எல்லாரும் பார்க்கும்படி கிணற்று மேட்டில் வந்து நின்று, அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்திருந்தால்கூட அந்த அளவுக்கு நம்பியிருக்க மாட்டேன் என்று அந்த அம்மாள் பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

கல்கத்தாவில் இத்தகைய உயிர்களை ஆராய்ந்து பெயரிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். படம் வரைந்து, கால் எத்தனை கணு எத்தனை என்று விளக்கி, இடம் சேலம் ஜில்லாவில் ஒரு கிணறு என்று எழுதி அனுப்பினார். உயிர் புதிதுதான், மகிழ்ச்சி, ஆனால் எந்த ஊர், எந்தக் கிணறு என்று பதில் வந்தது. பூமிக்கடியில் வாழும் உயிருக்கு முகவரிதான் பாதி அடையாளம். ஓர் ஊற்றில் இருப்பது அடுத்த ஊற்றில் இருக்காது. இன்னொருவர் நேரில் போய் அதே கிணற்றில் பிடித்துப் பார்க்க முடியாவிட்டால் அதற்குப் பெயர் வைக்க வழியில்லை. அவர்கள் கேட்டதும் நியாயம். இவர் தாலி ஏறட்டும் என்று கட்டுரையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

நம் கலாசாலைக் காட்சியறையில் நூற்றுக்கணக்கான புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் உயிரின் பெயர், பிடித்த ஊர், பிடித்த நாள் என்று அவருடைய மணியான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. கடைசித் தட்டில் ஒரே ஒரு சிறு புட்டிக்கு மட்டும் சீட்டு இல்லை. அதற்குள் அந்த வெள்ளைக் கூனி. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றிக் கேட்பார்கள். இன்னும் முடியவில்லை என்பார், வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அந்த ஆவணியில் சௌந்திரத்துக்குக் கல்யாணம் ஆயிற்று. நம்மவர் ஒரு பித்தளைக் குடத்தோடு போனார். ஊர்ப் பேரை இனிச் சொல்லலாமா என்று முறைப்படி கேட்டார். சின்னவள் செல்லியம்மாள் இருக்கிறாளே சாமி என்றார் அந்த அம்மாள். சரி என்று வந்துவிட்டார். சில வருஷம் கழித்துச் செல்லியம்மாளுக்கும் கல்யாணம் ஆயிற்று. இன்னொரு பித்தளைக் குடத்தோடு போனார். இம்முறை அவர் வாயைத் திறப்பதற்குள், பந்தலில் யாரிடமோ பாப்பாயி அம்மாள், இனிப் பையன் ராசப்பனுக்கு ஒரு இடம் பார்க்க வேண்டும், இந்தக் காட்டை நம்பி யார் பெண் கொடுப்பார்களோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. அதைத் தமக்குச் சொன்ன பதிலாக அவர் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டார், மணமக்களை வாழ்த்தினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினார். அதன் பிறகு அவர் அந்த ஊருக்கே போகவில்லை, போனால் கேட்கத் தோன்றுமாம்.

அவர் மனத்தில் ஓடியது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சபையோர் கேட்கலாம். முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய துணைவியார் பொன்னாயி அம்மையாரிடம் கேட்டோம், சொன்னார்கள். ஊர் பேரை மட்டும் அவர்களிடமும் அவர் சொன்னதில்லை. இதற்காக இன்று வீட்டுக்குப் போய் அவர்களைக் கோபிக்கக் கூடாது என்று அந்த மூன்றாம் மனிதரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இதற்கிடையில் லெக்சரர் பதவி இரண்டு முறை காலியாயிற்று. வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை உண்டா என்று நிர்வாக சபை கேட்டது. இல்லை என்றார். கையில் இருக்கிறது, ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் சபையார் என்ன செய்திருப்பார்களோ தெரியாது, அவர் சொல்லவில்லை. இரண்டாம் முறை பதவிக்கு வந்தவர் அவரிடமே தவளை அறுக்கப் படித்தவர். ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும் நேரத்தில், தீர்த்தகிரி ஆராய்ச்சி கிணற்றில் போட்ட கல் என்று கேலி பேசினார்கள். கல் எங்கே போய்விடும், அங்கேதானே இருக்கும் என்று அவரும் கூடச் சிரித்தார். வீட்டில் அன்று அவர் சாப்பிடவில்லை என்பது பொன்னாயி அம்மையார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டபோது எங்களுக்கு வருத்தமாக இருந்தது.

ஒரே ஒரு முறை அந்தப் புட்டியால் அவருக்கு ஆபத்து வரப் பார்த்தது. நம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த வருஷம் அது. காட்சியறைப் புட்டிகளில் இருப்பது சாராயச் சத்து என்று யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட, ஓர் அதிகாரி சோதனைக்கு வந்தார். லைசென்சும் கணக்கும் சரியாக இருந்தன. சீட்டு இல்லாத புட்டியைக் கண்டதும் அவருக்கு மூக்கு வேர்த்தது. இது எங்கிருந்து வந்தது என்றார். கிணற்றிலிருந்து என்றார் நம்மவர். எந்தக் கிணறு என்றார். சொல்வதற்கில்லை என்றார். மதுவிலக்கு அதிகாரியிடம், சரக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனிதர் இந்த ஜில்லாவில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். முதல்வர் ஓடிவந்து கையெழுத்துப் போட்டார். அதிகாரி புட்டியைத் திறந்து முகர்ந்து, உள்ளே மிதந்ததைக் கண்டு, அன்று மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறோம். பிரிவுபசாரத்துக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு எழுந்தது. சால்வை எல்லாரும் போடுவது. அந்த வெள்ளைக் கூனியை உயிரோடு பிடித்து வந்து ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்துக் கொடுத்தால் என்ன என்றார் ரசாயன ஆசிரியர் சுவாமிநாதன். எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் எந்த ஊர்? அட்டெண்டர் சென்றாயனுக்கு ஒன்று தெரிந்திருந்தது. ஐயாவின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதெல்லாம் நாமகிரிப்பேட்டையில் ஒரே கடையில்தான். அந்தக் கடைக்காரர் பாதையைக் காட்டினார். சுவாமிநாதன், பண்டிதர், சென்றாயன் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒற்றை மாட்டு வண்டியில் போனார்கள். மரியாதைக்குக் கோட்டும் போட்டுக்கொண்டு போனார்கள்.

தோட்டம் தோட்டமாக இறங்கிக் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் பாய் விரித்தார்கள், மோர் வந்தது. படித்தவர்கள் நடக்கும் பாதை எப்போதும் ஒன்றுதான் போலும். மோரைக் குடித்துவிட்டுப் பண்டிதர், இக்கூவலின்கண் வெண்ணிறப் பூச்சி யாதேனும் உளதோ என்று தூய தமிழில் கேட்டார். கூவல் என்றால் கிணறு என்று அங்கே யாருக்கும் தெரியாது. பூச்சி என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்த நிமிஷம் மூவரும் வண்டியைத் தேடி ஓடினார்கள், பின்னால் ஒரு சாட்டைக்கோல் வந்தது. பண்டிதரின் மேல்வேட்டி இன்றும் அந்த வேலியில்தான் இருக்கிறது.

வண்டி கிளம்பும்போது பக்கத்துத் தோட்டத்துக் கவலை மேட்டிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்து வண்டியை மறித்தார். நரைத்த தலை, முழங்கால் வரை சேறு. சாட்டைக்கோல் வைத்திருந்தவரை ஒரு பார்வையில் போகச் சொன்னார். அவர்தாம் பாப்பாயி அம்மாள். காலேஜ் வாத்தியார் எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி உங்களை அனுப்பினாரா என்று கேட்டார். கேட்ட குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

அவர் எந்த ஊர்ப் பேரையும் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, அதனால்தான் நாங்கள் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் ஊர் ஊராக அலைகிறோம் என்றார் சுவாமிநாதன். சீட்டு ஒட்டாத புட்டியைப் பற்றியும், கிடைக்காத பதவியைப் பற்றியும், ஓய்வைப் பற்றியும் சொன்னார். அம்மாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அப்போதுதான் சொம்பு, மேச்சேரிச் சம்பந்தம், வாங்கிய வாக்கு எல்லாவற்றையும் அவர் வாயாலேயே நாங்கள் அறிந்தோம். ராசப்பனுக்குக் கல்யாணம் ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன, குழந்தையும் இருக்கிறது. அந்த வாக்கையே தாம் மறந்து போனதாகச் சொன்னார்.

“அவரு மறுக்கா கேக்கவே இல்லீங்களே. செல்லியம்மா கண்ணாலத்துக்கு வந்தாரு, சாப்புட்டாரு, போயிட்டாரு. அப்பறம் இந்தப் பக்கமே வரலீங்க. எங்க மேல ஏதோ வருத்தமாட்ட இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன்.”

ஒருவர் கொடுத்த வாக்கைக் காப்பதற்காகப் போகாமல் இருந்தார். மற்றவர் அவர் போகாததைக் கண்டு கோபம் என்று நினைத்துக் கூப்பிடாமல் இருந்தார். இவ்வளவு காலத்தையும் இந்த இரண்டு நல்ல மனிதர்களும் சேர்ந்து வீணாக்கியிருக்கிறார்கள். சுவாமிநாதன் பொறுக்க மாட்டாமல், அப்படியானால் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் அம்மா, போய்ச் சொல்லிவிடுகிறோம் என்றார். அம்மாள் மாட்டேன் என்றார்.

“அவரு கேக்காததுக்கு நான் எப்படீங்க பதில் சொல்றது? வாக்குக் குடுத்தவரு அவரு, வாங்குனவ நான். நடுவுல நீங்க யாருங்க? நானே வாரேன். அவரு வாயால ஒருக்கா கேக்கட்டும்.”

பேத்தி வளர்ந்தால் மறுபடி இந்தப் பேச்சு வருமே என்று சென்றாயன் கேட்டுவிட்டான். வந்தால் வரட்டும், அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் என் இரண்டு பெண்களும் மேச்சேரியிலும் மல்லூரிலும் குடும்பம் நடத்துகிறார்கள், கேட்பவனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார் அந்த அம்மாள். இந்த மடலில் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவும் சம்மதித்தார், பாப்பாயி என்ற பேரில் இந்த ஜில்லாவில் ஆயிரம் பேர் இருப்பார்களாம். ஊரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மட்டும் எழுதக் கூடாது என்றார். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகும் தாள் இது. அதை எழுத எங்களுக்கும் உரிமை இல்லை என்று ஒப்புக்கொண்டோம்.

அன்று மாலை அவர் கிணற்றில் தாமே வாளி விட்டார். பல வாளி வெறும் தண்ணீராக வந்தது. இருட்டுவதற்கு முன் ஒன்றில் அது வந்தது. மேடையில் தங்கள் வலப்பக்கம், ஈரத்துணி போர்த்தியிருக்கும் ஜாடியில் இருப்பது அதுதான். சால்வை என்று தாங்கள் நினைத்திருக்கலாம்.

இனி மூன்றாம் மனிதரை விட்டுவிட்டுத் தங்களிடமே பேசுகிறோம், ஐயா. சுவாமிநாதன் கல்கத்தாவுக்கு எழுதிக் கேட்டுவிட்டார். அந்த உயிரை இன்று வரை வேறு எவரும் விவரித்து எழுதவில்லை. தங்கள் கட்டுரை மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது, சாவி பொன்னாயி அம்மையாரிடம் இருக்கிறது. லெக்சரர் பதவியை இனி எங்களால் தர முடியாது. அதற்காக வருந்துகிறோம், அதை மறைக்க அடைமொழி தேடவில்லை.

தங்கள் முழங்கால்கள் இன்னும் பல கோடைகளுக்குச் சைக்கிள் மிதிக்கும் வலுவோடு இருக்கட்டும். நெல்மணி அளவு உயிரையும் சொம்பில் கண்டுகொள்ளும் பார்வை மங்காதிருக்கட்டும். பொன்னாயி அம்மையாரும் தாங்களும் பேரன் பேத்திகளோடு நோயின்றி நெடுங்காலம் வாழ, நாமகிரித் தாயாரையும் தங்கள் குலதெய்வத்தையும் வேண்டிக்கொள்கிறோம்.

ஜாடிக்குப் பக்கத்தில் சீட்டு ஒட்டாத அந்தப் புட்டி இருக்கிறது. ஒரு வெற்றுச் சீட்டும், மையும், தங்கள் பேனாவும் வைத்திருக்கிறோம். பெண்கள் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், முக்காடிட்டு ஒரு அம்மாள் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். மாலை போடும்போது தங்களைப் பார்த்துவிட்டார், தாங்கள்தாம் இன்னும் அவரைப் பார்க்கவில்லை. மடல் முடிந்தது. கைதட்டுவதற்குச் சபையோர் காத்திருக்கட்டும். எழுந்து போய் அவரைக் கேளுங்கள், ஐயா.

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றியோர்,
சேர்வராயன் கலாசாலை